ஆன்டிவைரஸுக்குக் கொடுக்கும் காசு

1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி ஜவ்வாது மலையில் உள்ள காவலூருக்கு வந்து, 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைத் தொடங்கிவைத்தார். அதற்காகவே பாடுபட்ட வானியலாளர் வைணு பாப்பு 1982லேயே காலமாகிவிட்டதால், அங்குள்ள வானாய்வகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதே 1986 ஜனவரியில் லாகூரில் கணினிக் கடை நடத்திவந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் ஒரு குட்டி நிரலை வெளியே விட்டிருந்தார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுப்பவர்களைப் பிடிக்க அவர்கள் செய்த ஏற்பாடு அது. ஃப்ளாப்பியிலிருந்து ஃப்ளாப்பிக்குத் தாவி உலகம் சுற்றிய அந்த ‘பிரெயின்’தான் ஐபிஎம் பிசிகளைத் தொற்றிய முதல் வைரஸ். அதற்குள்ளேயே கடையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டிருந்தன. இன்றைய வைரஸ்காரர்களிடம் அந்த மரியாதையை எதிர்பார்க்க முடியாது.

வானாய்வகமும் வைரஸும் அப்போது வெவ்வேறு உலகங்கள். இப்போது அப்படி இல்லை. 2022 அக்டோபர் 29 அன்று, சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 66 ஆன்டெனாக்களோடு நிற்கும் ஆல்மா ரேடியோ வானாய்வகத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. ஆன்டெனாக்களுக்கோ சேமித்து வைத்த தரவுகளுக்கோ சேதமில்லை. ஆனாலும் ஏறக்குறைய ஏழு வாரம் வானத்தைப் பார்க்கும் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று ஹவாய் தீவின் மௌனகேயா மலையில் உள்ள ஜெமினி தொலைநோக்கிக்கும் இதே கதை. ஆளரவமற்ற மலை உச்சியும் பாலைவனமும் ஒளி மாசிலிருந்து காக்கும், இணையத்திலிருந்து காக்காது.

பெரிய ஆய்வகங்களுக்கே இந்த நிலை என்றால், கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்க வாணியம்பாடியிலோ திருப்பத்தூரிலோ கடை ஏறும் பெற்றோர் பயப்படுவதில் வியப்பில்லை. பில் போடும் நேரத்தில் கடைக்காரர் கேட்பார்: “ஆன்டிவைரஸ் போட்டுரலாமா சார்? மூணு வருஷத்துக்குச் சேத்துப் போட்டா கம்மியா வரும்.” லேப்டாப்புக்கே அரை லட்சம் ஆகிவிட்ட இடத்தில் இன்னும் ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ பெரிதாகத் தெரியாது. பை, மவுஸ், ஆன்டிவைரஸ் என்று மூன்றும் ஒரே பில்லில் சேர்ந்துவிடும்.

அந்த மூன்றாவது, இன்றைய தேதியில் பெரும்பாலான வீட்டு லேப்டாப்புகளுக்குத் தேவையில்லை.

இப்படிச் சொன்னால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கணினி வைத்திருந்த யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பென் டிரைவ் வீடு திரும்பும்போது, உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்த காலம் அது. பிராஜெக்ட் ரிப்போர்ட்டைக் காணோம் என்று அழுத மாணவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பென் டிரைவைச் செருகிய உடனே அதில் உள்ளதைத் தானாக ஓட்டும் பழக்கம் விண்டோஸுக்கு இருந்தது. வைரஸ் எழுதியவர்களுக்கு அது திறந்த வாசல். 2011 பிப்ரவரியில்தான் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களுக்கும் அப்டேட் அனுப்பி அந்த வாசலை மூடியது. அதற்கு முந்தைய ஆண்டு ஈரானின் அணு ஆலையைக் குறிவைத்துப் பென் டிரைவ் வழியாகப் பரவிய ஸ்டக்ஸ்நெட் என்ற நிரல், அதிகக் கணினிகளைத் தொற்றிய நாடுகளின் பட்டியலில் ஈரான், இந்தோனேஷியாவுக்கு அடுத்து இந்தியா இருந்தது. நாம் பென் டிரைவை எவ்வளவு தாராளமாகக் கைமாற்றினோம் என்பதற்கு அது ஒரு சான்றிதழ்.

அந்தக் காலத்தில் வெளியிலிருந்து வாங்கிய ஆன்டிவைரஸ் உண்மையிலேயே வேலை செய்தது. கேசவர்த்தனன் சென்னையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்த கே7, புனேயில் கால்குலேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் காட்கர் தொடங்கிய குயிக் ஹீல் போன்றவை வளர்ந்தது வெறும் விளம்பரத்தால் அன்று. நம் ஊர் வைரஸ்களை அடையாளம் கண்டு மருந்து கொடுத்தவர்கள் இவர்கள். விண்டோஸில் அப்போது சொல்லிக்கொள்ளும்படி எந்தக் காவலும் கிடையாது.

இப்போது இருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. தொடக்கத்தில் அதை யாரும் மதிக்கவில்லை. 2013 வாக்கில் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் நடத்திய சோதனைகளில் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அண்மை ஆண்டுகளில் அதே ஆய்வகத்தின் சோதனைகளில், பாதுகாப்புக்கான ஆறு மதிப்பெண்ணில் ஆறையும் டிஃபெண்டர் திரும்பத் திரும்ப வாங்குகிறது. காசு கொடுத்து வாங்கும் பெயர்களும் அதே ஆறைத்தான் வாங்குகின்றன. அப்படியானால் அந்த ஆயிரம் ரூபாய் எதற்கு? விபிஎன், பாஸ்வேர்ட் பெட்டி, ‘கணினியை வேகமாக்கும்’ பொத்தான் என்று நீளும் உபரிகளுக்குத்தான் பெரும்பாலும் போகிறது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: வெளியிலிருந்து ஒரு ஆன்டிவைரஸை ஏற்றியதும் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். புது லேப்டாப்போடு ஓசியில் வரும் சோதனைக் காலப் பதிப்பு, சில வாரங்களிலோ மாதங்களிலோ “புதுப்பியுங்கள், ஆபத்து” என்று சிவப்பு நிறத்தில் கத்தத் தொடங்கும். அதைப் பார்த்துப் பயந்து பணம் கட்டுவோர் ஏராளம். அதை அன்இன்ஸ்டால் செய்தால் போதும், டிஃபெண்டர் தானாகவே திரும்பி வேலைக்கு வந்துவிடும். இந்தப் பயத்தை வைத்தே பிழைக்கும் மோசடிக் கும்பல்களும் உண்டு: “உங்கள் ஆன்டிவைரஸ் சந்தா முடிந்தது, பணம் எடுக்கப்பட்டது, மறுக்க வேண்டுமானால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்” என்று பிரபல நிறுவனங்களின் பெயரில் மின்னஞ்சல் வரும். அழைத்தால், கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியை ஏற்றச் சொல்வார்கள். அந்தச் செயலி முறையானது என்பதால் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் அதைத் தடுக்காது.

சரி, ஆன்டிவைரஸ் எதைத்தான் தடுக்கும்? முன்பே பார்த்துப் பதிவு செய்த நிரலையும், அதன் சாயல் கொண்டதையும், சந்தேகமாக நடந்துகொள்வதையும் தடுக்கும். ஒருவரை மட்டும் குறிவைத்துப் புதிதாகத் தைக்கப்பட்டதை எந்த விலை கொடுத்து வாங்கியதும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

2019 அக்டோபர் கடைசியில் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினி ஒன்றில் டிடிராக் என்ற உளவு நிரல் புகுந்துவிட்டதாகச் செய்தி பரவியது. நிலையத்திலிருந்து முதலில் வந்தது மறுப்பு: அப்படி எதுவும் நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. மறுநாள் அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகமே உண்மை என்று ஒப்புக்கொண்டது. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4ஆம் தேதியே தகவல் கொடுத்திருந்தது என்பதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. தொற்றியது, அலுவலக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு பணியாளரின் கணினி. அணு உலையை இயக்கும் கணினிகள் தனி வலைப்பின்னலில் இருந்தன; அங்கே எதுவும் போகவில்லை என்றது கழகம். வடகொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் கும்பலின் கைவேலை டிடிராக் என்பது கேஸ்பர்ஸ்கை நிறுவனத்தின் கணிப்பு. நாட்டின் மிக முக்கியமான இடங்களில் ஒன்றில், பாதுகாப்புக்குச் செலவழிக்கத் தயங்காத ஒரு நிறுவனத்தில் அது நுழைந்தது. உலையைக் காப்பாற்றியது ஆன்டிவைரஸ் சந்தா அன்று, இரண்டு வலைப்பின்னல்களையும் தனித்தனியாக வைத்த பழைய ஒழுங்கு. முதல் நாள் மறுப்பை அவ்வளவு அவசரமாக வெளியிட்டிருக்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

சென்னைக்கு அருகில் உள்ள ஒரகடத்தில் நடந்தது இன்னொரு வகை. 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) நூற்றைம்பது நாடுகளில் பரவியபோது, ஒரகடம் ரெனோ-நிஸான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக அது நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இடையில் ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தும் உலகம் முழுக்க இலட்சக்கணக்கான கணினிகளில் அதை யாரும் போடவில்லை. ‘அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்’ என்று கணினி கெஞ்சும்போது ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவது பெரிய ஆலைகளின் குணம் மட்டும் இல்லை.

ஆன்டிவைரஸே ஆபத்தாக மாறிய கதைகளும் உண்டு. கணினியின் ஆழத்தில், எல்லாக் கோப்பையும் திறந்து பார்க்கும் உரிமையோடு உட்கார்ந்திருப்பது அது. அது தடுமாறினால் கணினியும் சேர்ந்து விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு, அவாஸ்ட் என்ற பிரபல ஆன்டிவைரஸ் தன் பயனர்கள் எந்தெந்த இணையதளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டவைத்தது. ஆனால் அதே அவாஸ்டின் ஆய்வாளர்கள்தான், இந்தியாவின் இஸ்கேன் ஆன்டிவைரஸ் தன் அப்டேட்டுகளைப் பூட்டில்லாத பழைய வழியில் அனுப்பிவந்ததையும், நடுவழியில் ஒரு கும்பல் அதற்குப் பதில் தன் தீநிரலைச் செருகிவந்ததையும் கண்டுபிடித்துச் சொன்னவர்கள். அந்த ஓட்டை 2023 ஜூலையில் அடைக்கப்பட்டது. இதனால் எல்லா நிறுவனங்களும் மோசம் என்றாகிவிடாது. ‘ஒன்றுக்கு இரண்டு இருந்தால் நல்லதுதானே’ என்ற எண்ணம் மட்டும் தவறு.

நம் ஊர் லேப்டாப்புகளின் உண்மையான நோய் வேறு இடத்தில் இருக்கிறது. கணினி மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், “ஃபார்மேட் அடிச்சு புது விண்டோஸ் போட்டுத் தரேன்” என்பார்கள். முந்நூறு, நானூறு ரூபாயில் வேலை முடியும். போடப்படுவது ‘கிராக்’ விண்டோஸ். அதை ஏமாற்றி உயிரோடு வைக்க ஓர் ஆக்டிவேட்டர் வேண்டும். அது ஓடுவதற்காக முதலில் டிஃபெண்டரை அணைப்பார்கள். அப்டேட் வந்தால் குட்டு வெளிப்படும் என்று அப்டேட்டையும் அணைப்பார்கள். பிறகு கிராக் ஃபோட்டோஷாப், கிராக் ஆஃபீஸ். குறிப்பாக வீட்டுக் கணினிகளைத் தாக்கிக் கோப்புகளைப் பூட்டிவைக்கும் ஸ்டாப் என்ற பணயத் தீநிரல் குடும்பம் பரவியதே இந்தக் கிராக் கோப்புகளுக்குள் ஒளிந்துதான். பூட்டை உடைத்து, காவலாளியை அனுப்பிவிட்டு, அதன் பிறகு கடைக்காரரே “ஆன்டிவைரஸ் ஒண்ணு போட்டுக்குங்க சார்” என்பதில் ஒரு நகைச்சுவை இருக்கத்தான் செய்கிறது.

2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் தமிழ்நாட்டு மாணவர்களின் கைக்குப் போயின. விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் அவற்றில் இருந்தது. அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன்பே, அதிகாரி உமாசங்கர் தலைமையில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாற முயன்றிருந்தது. வானியலாளர்களுக்கு இது பழகிய பாதை: அவர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்த ஐராஃப் மென்பொருளே யுனிக்ஸ், லினக்ஸ் உலகத்தைச் சேர்ந்தது. லினக்ஸைத் தாக்கவே முடியாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விண்டோஸ் வைரஸ் அதில் ஓடாது, மென்பொருளை நம்பகமான ஒரே கிடங்கிலிருந்து இலவசமாக எடுக்கலாம், கிராக் தேடி அலைய வேண்டியதில்லை. மாணவர்களுக்கு அதை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. முதல் வாரத்திலேயே பாஸை அழித்துவிட்டுக் கிராக் விண்டோஸ் ஏற்றிய லேப்டாப்புகள் எத்தனையோ. அரசு அடுத்து 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தபோதும், கருவியைப் பற்றிப் பேசிய அளவுக்குப் பழக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். டிஃபெண்டர் தன் மூளையில் பாதியை மேகக் கணினியில் வைத்திருக்கிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் நடத்தும் சோதனைகளில், இணையம் துண்டிக்கப்பட்ட நிலையில் அதன் கண்டுபிடிக்கும் திறன் மற்றச் சிலவற்றைவிடக் கணிசமாகக் குறைகிறது. சிக்னலுக்காக மேடு தேடி நடக்க வேண்டிய மலைக் கிராமத்தில், வாரத்துக்கு ஒருமுறை கீழே இறங்கும்போது மட்டும் இணையம் பார்க்கும் லேப்டாப்புக்கு இது பொருந்தும். படம், பாட்டு, வினாத்தாள் எல்லாம் பென் டிரைவில்தான் மலை ஏறுகின்றன என்றால், வைரஸ் பட்டியலைத் தன்னிடமே வைத்திருக்கும் ஓர் ஆன்டிவைரஸ் அங்கே உதவும். நாளெல்லாம் ஊரார் பென் டிரைவைச் செருகும் ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், ஆடிட்டர் அலுவலகம், நாலைந்து கணினியில் கணக்கு வைக்கும் மளிகை மண்டி ஆகியவையும் கூடுதல் காவலுக்குச் செலவழிக்கலாம். அந்தக் கணினிகளில் இருப்பது ஒருவருடைய தகவல் மட்டும் இல்லையே. வைரஸ் வந்துவிட்டதோ என்ற சந்தேகத்துக்கு மருந்து வேண்டும் என்றால், 2017 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா, இந்திய நிறுவனங்களின் துப்புரவுக் கருவிகளை இலவசமாகவே தருகிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் அபூர்வம்.

2024ஆம் ஆண்டில் மட்டும் இணைய மோசடிகளில் இந்தியர்கள் பறிகொடுத்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி வாங்கியது, பங்குச்சந்தை ஆசை காட்டி வாங்கியது, ஓடிபி கேட்டு வாங்கியது என இதில் எதையும் லேப்டாப்பில் ஓடும் ஆன்டிவைரஸ் தடுத்திருக்காது. பணம் போன உடனே 1930 என்ற எண்ணை அழைப்பதுதான் அங்கே உதவும்.

அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை வேறு எதற்குத்தான் செலவழிப்பது? மீண்டும் காவலூரைப் பார்க்கலாம். 1977 மார்ச் 10 இரவு ஒரு விண்மீனை யுரேனஸ் கோள் மறைத்துக் கடந்தது. அதை அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியிலும் கவனித்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த இரவு அது. அந்தப் பதிவு தொலைந்திருந்தால் மறுநாள் போய் இன்னொரு முறை எடுக்க முடியாது. அதே விண்மீன் அதே இடத்தில் மறைவது மறுபடி வாய்க்காது. வீட்டு லேப்டாப்பிலும் அப்படிப்பட்டவை இருக்கின்றன: இறந்துபோன தாத்தாவின் படங்கள், மூன்றாண்டு உழைத்த ஆய்வேடு, நிலப் பத்திரங்களின் ஸ்கேன். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைப் பணயத் தீநிரல் முடக்கியபோது, சுமார் இரண்டு வாரம் டாக்டர்கள் சீட்டைக் கையால் எழுதினார்கள். வெளியே இன்னொரு நகல் இல்லாதவர்களுக்குப் பணம் கட்டுவது, பறிகொடுப்பது என்ற இரண்டே வழிதான். வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, மாதம் ஒருமுறை நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வைத்துவிட்டால் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனாலும், லேப்டாப்பே திருடு போனாலும் கவலை இல்லை. செருகியே விட்டால் பலனில்லை. பணயத் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். லேப்டாப் விற்கும் கடையில் “ஹார்ட் டிஸ்க் வாங்கிக்குங்க சார்” என்று சொல்லும் ஆள் குறைவு. ஒருமுறை வாங்கினால் அடுத்த ஆண்டு அதற்குச் சந்தா கேட்க முடியாது அல்லவா?

இப்போதைக்கு அவசரமாகக் கவனிக்க வேண்டியவர்கள் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும் என்பதால், ஏழெட்டு வருடத்துக்கு முன் வாங்கிய நல்ல லேப்டாப்புகள் பலவும் அதற்குத் தகுதி பெறவில்லை. இவர்களிடம்தான் இப்போது “ஆன்டிவைரஸ் போட்டால் பழைய விண்டோஸே போதும்” என்று விற்பனை நடக்கிறது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் விண்டோஸ் 10க்கு 2028 அக்டோபர் வரை வந்துகொண்டுதான் இருக்கும்; பட்டியலுக்குப் பஞ்சமில்லை. நின்றுபோனது ஓட்டை அடைக்கும் அப்டேட். ஒரகடத்தில் நுழைந்தது அப்படிப்பட்ட ஓர் ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்தால் இந்த அப்டேட் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பாகக் கிடைக்கும், பணம் கட்டாமலே பெறவும் வழி வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் அதற்கான இணைப்பு இருக்கும். அதற்குப் பிறகு அந்த லேப்டாப்பில் பாஸ் அல்லது உபுண்டு லினக்ஸ் ஏற்றிக்கொள்ளலாம். இணையம் பார்ப்பது, கடிதம் அடிப்பது, படம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.